மட்டைக்கு நரம்பு கட்டும் வேலை நமக்கெதற்கு?

"உமக்கு எதற்கு சார் இந்த வேலை? கடையில் கொடுத்தால் கட்டித் தர மாட்டார்களா?" சென்ற பொங்கல் விழாப் பந்தியில் என் விரல்களிலிருந்த கீறல்களைப் பார்த்துவிட்டு நம் சங்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். அதற்குள் சாம்பார் வாளி வந்துவிட்டது. அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. டென்னிஸ் ஆடுகிறாள். நரம்பு அறுந்தால் இங்கே தில்லியில் ஒரு கடையில் கொடுத்து 'கட்டிங்' போட்டு வாங்குவோம். கால்நடைக் குடலை முறுக்கி நரம்பு செய்த காலத்துப் பெயர் அது. இப்போது பெரும்பாலும் நைலானும் பாலியெஸ்டரும்தான். எத்தனை பவுண்டு இழுத்தீர்கள் என்று கேட்டால், "நல்லா டைட்டாகப் போட்டிருக்கிறேன், சாப்" என்பார் கடைக்காரர். அவ்வளவுதான் பதில். மட்டையின் கழுத்தில் 50 முதல் 60 பவுண்டு வரை என்று அச்சிட்டிருக்கிறது. நரம்பு விறைப்பாக இருந்தால் பந்து சொன்ன இடத்துக்குப் போகும், ஆனால் அடியின் அதிர்ச்சி கைக்கு வரும். தளர்வாக இருந்தால் பந்து தானே பாயும், கைக்குச் சுகம். குழந்தைக்கு முழங்கை வலி வந்த பிறகுதான் இதையெல்லாம் விசாரித்தேன். பெற்ற பிள்ளையின் கை சம்பந்தப்பட்ட ஒரு எண் எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் உறுத்தியது.

ஊரை விட்டுப் போன ஒரு பயிற்சியாளரிடமிருந்து பழைய இயந்திரம் ஒன்றை வாங்கினேன். மின்சாரம் வேண்டாம். ஒரு கம்பி, அதில் நகரும் எடைக்கல், அவ்வளவே. எடையை 52 என்ற கோட்டில் நிறுத்தி, நரம்பைப் பிடிக்க வைத்துக் கம்பியை மெல்ல இறக்க வேண்டும். கம்பி படுக்கை மட்டமாக நின்றால்தான் 52. சாய்ந்து நின்றால் எண்ணை நம்பக் கூடாது.

முதல் மட்டைக்கு மூன்றரை மணி நேரம் ஆயிற்று. 16 நெடுக்கு, 19 குறுக்கு. நெடுக்கை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே போனால் சட்டம் கோணிவிடும். குறுக்கு, ஒன்றின் மேல் ஒன்றின் கீழ். துளை அடைத்திருந்தால் ஊசியால் குத்தாமல் நரம்பின் நுனியைச் சாய்வாக வெட்டி நுழைத்துப் பாருங்கள். ஊசி உள்ளே இருக்கும் நரம்பைக் காயப்படுத்திவிடும். புதியவர்கள் விலை குறைந்த நைலானில் பழகுவது நல்லது. நான் முதல் சுருளைப் பாழாக்கினேன்.

இங்கேதான் என் தகப்பனார் வந்தார். எங்கள் பூர்வீகம் ஆரணி. தாத்தா தறிக்குழியில் உட்கார்ந்தவர். அப்பாவும் பதினெட்டு வயது வரை நெய்துவிட்டு, தில்லியில் குமாஸ்தா வேலை கிடைத்ததும் தறியை மறந்தவர். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழாது. அதிலிருந்து மீண்டு வந்ததைத்தான் பெருமையாகச் சொல்வோம். அன்று என் பின்னால் நின்று பார்த்தவர், "பாவு சரிடா. ஊடையை இப்படி முரட்டுத்தனமாக இழுக்காதே, உரசித் தேயும்" என்றார். நெடுக்குக்கும் குறுக்குக்கும் எனக்குத் தமிழில் சொல் கிடைத்தது அப்போதுதான்.

நண்பரின் கேள்வியில் இருந்ததும் அந்தப் பழைய எண்ணம்தான். வெளியூர் வந்த நாம் பிள்ளைகளுக்குப் படிப்பைக் கொடுத்தோம், கைவேலையைப் 'பிறர் வேலை' என்று சொல்லிக் கொடுத்தோம். அது தவறு என்பது என் கட்சி. பணம் மிச்சமாகும் என்று இதைச் செய்யச் சொல்லவில்லை. இயந்திரம், கிடுக்கி, பாழான சுருள் எல்லாம் சேர்த்தால் இரண்டு வருஷத்துக்கு மிச்சம் ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் மாறியது. அந்தக் கடைக்காரரிடம் இப்போது நான் பேரம் பேசுவதில்லை. அவர் முக்கால் மணியில் முடிப்பதை நான் இன்னும் ஒன்றரை மணிக்குக் குறையாமல் முடித்ததில்லை. எண்ணை மட்டும் எழுதித் தரச் சொல்கிறேன், தருகிறார்.

மகளின் வலி குறைந்திருக்கிறது. நரம்புதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மருத்துவர் சொன்ன ஓய்வும் உண்டு. போன ஞாயிறு அவளே குறுக்கு கோத்தாள். பத்து வரிசை ஓடியபின் அப்பா நாற்காலியில் இருந்தபடியே விரலால் தடவிப் பார்த்து, "ஆறாவதில் இரண்டு நரம்பைச் சேர்த்துத் தாண்டியிருக்கிறாய் கண்ணு" என்றார். முணுமுணுத்துக்கொண்டே ஐந்து வரிசையை அவிழ்த்தாள்.