போன வண்டி வேற, வந்த வண்டி வேற

1984 ஏப்ரல் 3. ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11ல் ஏறி சல்யூட் 7 நிலையத்துக்குப் போனார். இது எல்லாருக்கும் தெரியும். ஏப்ரல் 11ல் அவர் திரும்பி வந்தது டி-10ல். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

காரணம் சிம்பிள். நிலையத்தில் நிக்கிற சோயுஸுக்கு ஆயுள் சில மாசம்தான். அங்கே தங்கியிருந்த மூணு பேரோட டி-10 பிப்ரவரியிலேயே போனது. அதனால புது வண்டியை அவங்களுக்கு விட்டுட்டு, பழசை எடுத்துக்கிட்டு சர்மா குழு கிளம்பியது. அந்த மூணு பேரும் அக்டோபர் 2ல் டி-11ல் இறங்கினார்கள்.

நாமக்கல்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புது லாரிக்கு மாலை போடறது முதல் நாள் மட்டும்தான். அப்புறம் டிரைவர் மாத்தணும், டயர் பாக்கணும், லோடு நேரத்துக்குப் போய்ச் சேரணும்.

2035க்குள் சொந்தமா விண்வெளி நிலையம் கட்டுறது இஸ்ரோவோட திட்டம். 2025 ஜனவரி 16ல் ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் ரெண்டும் விண்வெளியில் இணைந்தன. சுபான்ஷு சுக்லா கிளம்பினப்போ வச்ச ஸ்டேட்டஸ்ல பாதிகூட அதுக்கு நாம வைக்கலை. என்னைக் கேட்டா அதுதான் பெரிய செய்தி. ஆள் மாத்தவும் தண்ணி, சாப்பாடு, ஆக்சிஜன் ஏத்தவும் முடியலைன்னா நிலையம் வெறும் கூடு.

வால்வு, சீல், சென்சார் எல்லாம் நாம படிச்சதுதான். "ஸ்பேஸ்லாம் ஐஐடி பசங்களுக்கு மச்சி"ன்னு ஒதுங்காதீங்க. மேலே போறது மூணு நாலு பேர். ட்ரிப் நிக்காம ஓட, கீழே ஆயிரக்கணக்கில் ஆள் வேணும்.