பரீட்சைக்குப் பின் என்ன படிப்பது?



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பலர் பெறுபேறு வருமுன்பே, நண்பன் சேர்ந்த உயர்தர ரியூசன் வகுப்பில் தாமும் சேர்கின்றனர். இது அவசர முடிவு என்பதே எமது கருத்து. உயர்தரத்தில் பிரதான பாடங்கள் மூன்றே. துறையைத் தெரிந்தபின் மாறுவது கடினம்.

ஆகவே விடுமுறையில் வெவ்வேறு துறைகளில் குறுகிய கற்கைநெறிகளைத் தெரிவு செய்யுங்கள்:

1. மொழி: ஆங்கிலம் அல்லது சிங்களம்.
2. கணினி.
3. கைவேலை: மின்னிணைப்பு, தையல் போன்றவை.

பணம் கட்டுமுன், சான்றிதழ் தேசிய தொழிற் தகைமைக்கு உரியதா என விசாரியுங்கள். அத்தகைமையின் 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது.

கணக்குக் கசந்தவருக்கு மின்னிணைப்பு இனிக்கலாம். 2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறையும் உண்டு. பெற்றோர் சொல்லைக் கேளுங்கள். ஆனால் இரண்டு வருடம் படிக்கப்போவது நீங்களே என்பதை மறவாதீர்கள்.