எல்லைச் சாவடியில் நிற்கும் நம் கல்லாப் பணம்

நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் கட்சிக்காரர்களுக்குத் திருவிழா. எல்லையோரத்தில் கடை வைத்திருக்கும் நமக்கோ அது பையைத் திறந்து காட்டும் காலம்.

2024 தேர்தலை நினைத்துப் பாருங்கள். மார்ச் 16 அன்று நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. கிருஷ்ணகிரி தொகுதியில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர் ஊரகத் தொகுதி. அங்கே ஏப்ரல் 26. குப்பம் பக்கம் ஆந்திராவில் மே 13. வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. மதுரை வணிகருக்கு ஒரு தேர்தல் என்றால் நமக்கு மூன்று. நாம் ஓட்டுப் போட்டு விரல் மை அழிந்த பிறகும் எல்லையில் சோதனை ஓயவில்லை.

நம் வியாபாரம் எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியும். ராயக்கோட்டைத் தக்காளியும் ஓசூர்ப் பூவும் விடியுமுன் பெங்களூர் மண்டிக்குப் போகின்றன. விற்ற பணம் அன்றே திரும்புகிறது. மாலையில் விவசாயிக்கும் சுமை கூலிக்கும் ரொக்கமாகவே கொடுத்தாக வேண்டும். போச்சம்பள்ளி சந்தையில் மாடு விற்றவரிடம் ரசீது கேட்டால் எங்கே போவார்? அந்தப் பணம் சாவடியில் நின்றுவிட்டால் வியாபாரி மட்டுமல்ல, அவரை நம்பிய பத்துக் குடும்பங்களும் அன்று நிற்கின்றன.

சோதனையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பணப் பட்டுவாடா புகாரால் 2019-இல் வேலூர்த் தொகுதித் தேர்தலே ரத்தானது நம் நினைவில் இருக்கிறது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் விதி என்ன சொல்கிறது? தேர்தல் ஆணையம் 2015 மே 29 அன்று வெளியிட்ட நடைமுறைப்படி, 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறிமுதல் என்பது வேட்பாளர், அவரது முகவர், கட்சித் தொண்டர் செல்லும் வாகனங்களையும் பிரசாரப் பொருள் ஏற்றிய வாகனங்களையும் குறித்தே சொல்லப்பட்டது. கட்சி நிர்வாகி தம் கட்சிப் பொருளாளரின் சான்றிதழைக் காட்டினால் அந்தப் பணத்தைப் பிடிக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. கட்சிக்காரர் காட்டும் காகிதத்துக்கு உள்ள மதிப்பு மண்டிச் சீட்டுக்கு ஏன் இல்லை என்று கேட்கிறோம்.

வரம்பையும் பாருங்கள். 2015-இல் 50,000 ரூபாய்க்கு இரண்டு பவுன் தங்கம் வாங்கலாம். 2024 ஏப்ரலில் ஒரு பவுன்கூட வாங்க முடியவில்லை. விலைவாசி ஏறியது, வரம்பு ஏறவில்லை.

நாம் கேட்பது மூன்று. ரொக்க வரம்பை உயர்த்த வேண்டும். வாக்குப்பதிவு முடிந்த மாவட்டத்து வணிகருக்கு, கணக்கு காட்டினால் அந்த இடத்திலேயே விடுவிப்பு வேண்டும். பறிமுதலான பணத்தை விசாரிக்கும் மூவர் குழு ஓசூரிலும் அமர வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு 50 கிலோமீட்டர் அலைய வைக்கக் கூடாது.

நம் பக்கக் குறையையும் மறைக்க வேண்டாம். பில் போடாமல் விற்பவரும், துண்டுச் சீட்டில் கணக்கு எழுதுபவரும் நம்மில் உண்டு. தேர்தல் நேரத்தில் கட்சிக்காரருக்கு வேனை இரவல் கொடுத்து, பிறகு சங்கத்திடம் ஓடி வருபவரும் உண்டு. அவர்களுக்காகப் பேச நம்மால் இயலாது.

ஆகவே உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜி.எஸ்.டி. பதிவு நகல், அன்றைய விற்பனைச் சீட்டு, வங்கியில் எடுத்திருந்தால் அதற்கான அத்தாட்சி ஆகியவை வண்டியிலேயே இருக்கட்டும். பணத்தைப் பிடித்தால் வாக்குவாதம் வேண்டாம்; ரசீது கேளுங்கள். மேல்முறையீடு செய்யும் வழி அந்த ரசீதிலேயே குறிப்பிடப்பட வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. வழக்கோ புகாரோ பதிவாகாவிட்டால், வாக்குப்பதிவு முடிந்த 7 நாட்களுக்கு மேல் பணத்தை வைத்திருக்கவும் கூடாது.

அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 2029-இல் வர வேண்டும். ஓட்டுக் கேட்டு நம் கடைப்படி ஏறும் எல்லாக் கட்சி வேட்பாளர்களிடமும் இந்த மூன்றையும் எழுதிக் கொடுப்போம். எவர் டெல்லி சென்றாலும் நம் கேள்வி அங்கே ஒலிக்கட்டும்.