படுத்தால்தான் பணமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சம்பள உயர்வே சிலருக்கு நஷ்டக் கணக்காகிவிடுகிறது. 20,800 ரூபாய் வாங்கிவந்தவருக்கு 700 ரூபாய் கூடினால், சில மாத அவகாசத்துக்குப் பின் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு கையைவிட்டுப் போகிறது. 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. அதன் பிறகு கொரட்டூரிலும் பாடியிலும் வீட்டு வாடகை எங்கேயோ போய்விட்டது. வரம்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கைவிட்டுப் போவது சின்ன விஷயமல்ல. 21,000 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி கட்டுவது 0.75 சதவீதம், அதாவது 158 ரூபாய். நிர்வாகம் கட்டுவது 3.25 சதவீதம், 683 ரூபாய். இந்த 841 ரூபாயில் மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் காய்ச்சல் மாத்திரையிலிருந்து அறுவைச் சிகிச்சை வரை வைத்தியம் உண்டு. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் உண்டு.

வரம்பைத் தாண்டியவருக்கு, கம்பெனிக்கு மனமும் வசதியும் இருந்தால், குரூப் மெடிக்ளெய்ம் கிடைக்கும். அட்டையில் மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று போட்டிருக்கும். பார்க்கப் பெரிய தொகைதான். ஆனால் வழக்கமான பாலிசியில் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்தால்தான் பணம். கண்புரை, டயாலிசிஸ் போன்ற சில சிகிச்சைகளுக்கு மட்டும் விலக்கு. சேர்வதற்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பிய பிறகு 60 நாள் செலவு பெரும்பாலும் கிடைக்கும். அதுவும் அந்த ஒரே நோய்க்கு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரை, டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை எல்லாம் சொந்தக் காசு. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. அதே சர்க்கரையில் காலில் புண் முற்றி விரலை எடுக்க நேர்ந்தால் லட்சக்கணக்கில் உண்டு.

சேர்ந்து படுத்தாலும் முழுப் பணம் வருமா? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த வழிகாட்டுதலில், பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தால் ஒழியப் பணம் தர வேண்டியதில்லை என்று 68 பொருள்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. அழகுப் பராமரிப்பு, தொலைபேசிக் கட்டணம் போன்றவற்றை விட்டது நியாயம். அவற்றோடு கிரேப் பேண்டேஜ், கையைத் தாங்கும் ஸ்லிங், முழங்கால் பட்டை, இடுப்பு பெல்ட் ஆகியவையும் அதே பட்டியலில் இருக்கின்றன. பிரஸ் மெஷினில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கும், குனிந்து நிமிர்ந்து லோடு ஏற்றுபவருக்கும் இவைதான் வைத்தியம்.

‘ஒரு நாள் அட்மிட் ஆகிக்கோங்க, க்ளெய்ம் பண்ணிடலாம்’ என்ற ஆலோசனை இந்த வட்டாரத்தில் யாருக்கும் புதிதல்ல. வெறும் பரிசோதனைக்காகச் சேர்ந்தால் தர முடியாது என்று பாலிசியிலேயே ஒரு விலக்கு இருப்பதால் அதிலும் பலருக்குக் கை சுடும். விதி இப்படி இருக்கையில் நோயாளியை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

இ.எஸ்.ஐ. போனால் தொல்லை விட்டது என்று சொல்பவர்களும் உண்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை. அரை நாள் சம்பளத்தை இழந்து டிஸ்பென்சரி வரிசையில் நின்று, ‘ஸ்டாக் இல்லை’ என்ற பதிலோடு திரும்பியவருக்கு அந்த 158 ரூபாய் வெறும் பிடித்தம்தான். அயனாவரம், கே.கே. நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் இன்னொரு நாள் லீவு. ஆனால் இதற்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. வெளியில் செய்த செலவைத் திருப்பித் தர இ.எஸ்.ஐ. பொது ஒழுங்குவிதி 96-ஏ வழிவிடுகிறது. இருப்பில் இல்லாத மருந்தின் ரசீதையும், நள்ளிரவில் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடிய செலவையும் அலையவிடாமல் தீர்த்துவைத்தால் பாதிக் கசப்பு குறையும்.

எவ்வளவு நாளில்? அதற்கும் அளவுகோல் இருக்கிறது. மத்திய அரசின் சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் இருந்த ஓய்வுபெற்ற அதிகாரி சிவகாந்த் ஜா தொடர்ந்த வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஆஸ்பத்திரியின் பெயர் பட்டியலில் இல்லை என்பதற்காக மட்டும் பணத்தை மறுக்கக் கூடாது, சிகிச்சை உண்மையிலேயே நடந்ததா, அதற்குச் சான்று இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓய்வூதியர்களின் கோரிக்கைகளை ஒரு மாதத்துக்குள் முடிக்கவும் வலியுறுத்தியது. டெல்லி அதிகாரிக்குப் பொருந்தும் இந்த நியாயம் அம்பத்தூர் லேத் தொழிலாளிக்கும் பொருந்த வேண்டும்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஊழியர்களுக்குத் தொழிற்சாலையின் சொந்த மருத்துவமனை இருக்கிறது. பத்து இருபது பேரை வைத்து ஜாப் ஒர்க் செய்யும் பட்டறையால் அதெல்லாம் முடியாது. புறநோயாளிச் செலவையும் சேர்த்து பாலிசி எடுக்கச் சொன்னால் பிரீமியத்தைப் பார்த்தே பயந்துவிடும். அதனால்தான் இ.எஸ்.ஐ.யை விரிவாக்குவது தவிர வேறு வழியில்லை என்கிறோம். பெரிய கம்பெனிகளுக்கு அந்தச் சாக்கு இல்லை. மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் ஆண்டுக்கு ஒரு தொகையை அவை ஒதுக்கத்தான் வேண்டும்.

21,000 போதாது என்பதை இ.எஸ்.ஐ. கழகமே ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்து ஓய்வுபெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, துணைவரோடு சிகிச்சையைத் தொடரலாம் என்பது பழைய ஏற்பாடு. சம்பளம் கூடி இடையில் வெளியேற்றப்பட்டு, 2017 ஏப்ரலுக்குப் பின் ஓய்வுபெற்றவர்களுக்கும், கடைசிச் சம்பளம் 30,000 ரூபாய் வரை இருந்தால், மருத்துவம் தர 2024 பிப்ரவரியில் கழகம் முடிவெடுத்தது. நல்ல முடிவு. வேலையை விட்ட பிறகு 30,000 வரை ஏற்கிறவர்கள், வேலையில் இருக்கும்போது 21,000-லேயே கதவைச் சாத்துவதற்கு என்ன நியாயம்? வரம்பை உடனே 30,000 ஆக்கி, பிறகு ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்த்து உயர்த்த வேண்டும். அதையும் தாண்டுபவர்களில் விரும்புவோர், இரு தரப்புச் சந்தாவையும் தாமே கட்டித் தொடர அனுமதிக்க வேண்டும்.