பழைய பூட்டை மாற்றுங்கள், திறவுகோலைப் பறிகொடாதீர்கள்!

2023-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் இலங்கை அரசாங்கத்தின் அஞ்சற்பெட்டி உடைக்கப்பட்ட செய்தி வெளிப்பட்டது. உடைத்தவர்கள் வாள் கொண்டு வந்தாரில்லை, சுவரிலே கன்னமிட்டாரில்லை. அரச கணனிகளுள் நுழைந்து, அங்கிருந்த கடிதங்களையெல்லாம் எவராலும் படிக்க இயலாத மறைகுறிகளாக மாற்றிப் பூட்டினார்கள். பூட்டைத் திறக்க வேண்டுமாயின் பணம் தா என்று கேட்கும் புதுவகைக் கப்பக் கொள்ளை இது. அரசாங்கத்தின் ‘கவ் டொட் எல்கே’ முகவரிகளுள் ஏறத்தாழ 5,000 முகவரிகள் இதில் அகப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. மே மாதம் 17-ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 26-ஆம் திகதி வரை, அதாவது நூறு நாட்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்து அரச கடிதங்கள் அழிந்து போயின. அவற்றை மீட்க வழியில்லை என்று பொறுப்பாளரே ஒப்புக்கொண்டனர்.

இது எவ்வாறு நேர்ந்தது? அரசாங்கத்தின் அஞ்சலைத் தாங்கி நின்றது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ‘எக்ஸ்சேஞ்ச் 2013’ என்னும் மென்பொருள். அதனை ஆக்கிய நிறுவனமே 2023 ஏப்ரல் 11-ஆம் திகதியுடன் அதனைக் கைகழுவிவிட்டது. அந்நாளின் பின்னர் அதில் எந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அதனை அடைத்துத் தருவார் இல்லை. அந்நாள் வருமென்பது பல ஆண்டுகளுக்கு முன்னரே உலகறிய அறிவிக்கப்பட்டிருந்தது. எனினும் நமது அரசாங்கம் ஓட்டைத் தோணியிலேயே தன் கடிதக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சென்றது. 2021 முதலே புதுப்பிக்க எண்ணியிருந்ததாகவும், நிதித் தட்டுப்பாடும் முன்னைய பணிப்பாளர் சபையின் தீர்மானங்களும் தடையாக நின்றதாகவும் தகவல் மற்றும் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிறுவனம் விளக்கம் தந்தது.

பணமில்லை என்னும் வாதத்தை நாம் அடியோடு தள்ளிவிடவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று நாடு கைவிரித்ததை நாமெல்லாம் கண்டோம். ஆனால், கடிதங்களின் படியொன்றை எடுத்து, வலையமைப்போடு தொடர்பில்லாத வேறோரிடத்தில் வைப்பதற்குக் கோடிக் கணக்கில் நிதி வேண்டியதில்லை. ஒழுங்கும் அக்கறையுமே வேண்டும். விதைநெல்லை வேறாக எடுத்து வைக்காத கமக்காரன் நம்மிடை உண்டா? பஞ்சம் வந்த ஆண்டிலும் அவன் விதைநெல்லில் கை வைப்பதில்லை. பட்டம் பெற்றவர்கள் நடத்தும் நிறுவனத்துக்கு இந்த அறிவு தோன்றாமற் போனதேன்? நாள்தோறும் தொடர்பறுத்த படி எடுப்போம் என்று கொள்ளை நடந்த பின்னரே அறிவித்தார்கள். வெள்ளம் வடிந்த பின்னர் அணை கட்டுவோர் இவர்கள்!

இதுவே முதல் அடியாயின் பொறுத்துக்கொள்ளலாம். 2021-ஆம் ஆண்டிலேயே தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரச முகிற் கணனியிலிருந்து அழிக்கப்பட்ட செய்தி வெளியாகி நாட்டை உலுக்கியது. நோயாளிகள் உட்கொள்ளும் மருந்துகள் பற்றிய பதிவுகள் அவை. அப்பொழுதும் காப்புப் படி எங்கே என்ற கேள்வியே எழுந்தது. இரண்டு ஆண்டுகளின் பின்னரும் அதே கேள்வி எழுந்ததென்றால், முதற் பாடத்தைக் கற்றவர் எவர்?

படியில்லாத ஏடு அழிந்தால் என்ன நேரும் என்பதைத் தமிழருக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் சாம்பராயின. கட்டடம் மீண்டும் எழுந்தது, ஏடுகள் மீளவில்லை. ஆதலின் அரச பதிவுகளின் பாதுகாப்பு கணனி நிபுணருக்கு மட்டும் உரிய காரியமென்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. காணி உறுதியும் பிறப்புப் பதிவும் ஓய்வூதியக் கணக்கும் உர மானியப் பட்டியலும் இன்று மெல்ல மெல்லக் கணனிக்குள் புகுகின்றன. அவை அழியுமாயின் அழிவது நமது உரிமையேயாம்.

இனி என் செய்வது? இரு சாரார் இரு வழி கூறுகின்றனர்.

முதற் சாரார், ‘இருப்பது ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, ஏன் தொட வேண்டும்?’ என்பர். கந்தோர்களிலே இக்குரல் வலிது. இவர்களுக்கு நாம் ஒரு திகதியை நினைவூட்டுகின்றோம். 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதி ‘விண்டோஸ் 10’ இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு முடிவடைந்தது. அதே நாளில் ‘எக்ஸ்சேஞ்ச் 2016’, ‘எக்ஸ்சேஞ்ச் 2019’ என்பனவும் முடிவடைந்தன. 2013-ஐ விட்டு அடுத்த பதிப்புக்குத் தாவியவரும் மறுபடி அதே பள்ளத்தில் நிற்கின்றனர். ஓடுகிறது என்பது பாதுகாப்பு ஆகாது. உளுத்த துருசும் நீர் பெருகும் நாள்வரை நின்றுகொண்டுதான் இருக்கும்.

இரண்டாம் சாரார், ‘வெளிநாட்டுப் பெரு நிறுவனமொன்றிடம் மாதக் கட்டணம் கட்டி, அஞ்சல், ஆவணம், நாட்குறிப்பு, கூட்டம் அனைத்தையும் ஒருங்கே கொண்ட கூட்டுப்பணித் தளமொன்றை வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது’ என்பர். கூட்டுப்பணித் தளம் நல்லதே. ஒரே ஆவணத்தை மாவட்டச் செயலகத்தாரும் பிரதேச செயலகத்தாரும் ஒருங்கே பார்த்துத் திருத்தலாம். கோவை ஒன்று மேசைக்கு மேசை அலையும் நாட்கள் குறையும். ஆனால் வீட்டைப் புதுக்கிவிட்டுத் திறவுகோலை அயலாரிடம் கொடுப்பது அறிவுடைமையா? 2025 பெப்ரவரியில் அமெரிக்கா, ஹேக் நகரிலுள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை வழக்குத்தொடுநர் மீது தடை விதித்தது. பின்னர் அவருடைய மின்னஞ்சல் துண்டிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. நீதிமன்றத்துக்கான சேவையைத் தாம் நிறுத்தவில்லை என்று மைக்ரோசொப்ட் மறுத்தது. மறுப்பு எவ்வாறாயினும், அந்நீதிமன்றம் அவ்வாண்டிலேயே ‘ஓப்பன் டெஸ்க்’ என்னும் ஜேர்மானியத் திறந்த மூலத் தளத்துக்கு மாறத் தீர்மானித்தது. உலக நீதிமன்றத்துக்கே இந்த அச்சம் உண்டெனில் சிறு தீவாகிய நமக்கு இல்லையா?

மாற்றம் முடியாத காரியமன்று. ஜேர்மனியின் வடபால் உள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தைப் பாருங்கள். 2024-இல் ஏறத்தாழ 30,000 கணனிகளைத் திறந்த மூல மென்பொருளுக்கு மாற்றுவதென்று அம்மாநில அமைச்சரவை தீர்மானித்தது. 2025 ஒக்டோபரில், 40,000-க்கு மேற்பட்ட அஞ்சற்பெட்டிகளையும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட அஞ்சல், நாட்குறிப்புப் பதிவுகளையும் பழைய எக்ஸ்சேஞ்சிலிருந்து ‘ஓப்பன் எக்ஸ்சேஞ்ச்’ தளத்துக்கு மாற்றி முடித்துவிட்டதாக அறிவித்தது. அஞ்சல் மாற்றத்துக்கு எடுத்த காலம் ஆறு மாதம். இடையிலே தடங்கல்கள் இருந்தன; உத்தியோகத்தர் முறையிட்டனர். எனினும் அரசு பின்வாங்கவில்லை.

அதே ஜேர்மனியில் மியூனிக் மாநகரம் வேறொரு பாடம் தருகின்றது. பழைய ‘விண்டோஸ் என்டி’ முதுமையடைந்த வேளையில், 2003-இல் அந்நகர சபை ‘லினக்ஸ்’ இயங்குதளத்துக்கு மாறத் தீர்மானித்தது. பத்தாண்டு உழைத்து, 2013-இல் ஏறத்தாழ 15,000 கணனிகளை மாற்றி முடித்தது. ஆயின் நகரத் தலைமை மாறியது. 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்புவதெனச் சபை வாக்களித்தது. தொழில்நுட்பம் எத்துணைச் சிறந்ததாயினும், ஆட்சி மாறுந்தோறும் ஆட்டங்காணும் திட்டம் நிலைக்காது என்பதே அதன் பொருள். அமைச்சர் மாறினால் சுற்றுநிருபமும் மாறும் நமது நாட்டுக்கு இப்பாடம் இரட்டிப்பாய்ப் பொருந்தும்.

புதிய தளம் வந்துவிட்டால் போதும் என்று மயங்குவோர்க்குத் தென்கொரியாவையும் காட்டுகின்றோம். கணனித் தொழிலில் முன்னணியில் நிற்கும் நாடு அது. 2025 செப்டெம்பர் 26-ஆம் திகதி டேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கலம் தீப்பற்றியது. அரசின் 709 கணனி முறைமைகள் நின்றன. அரச ஊழியர் தம் ஆவணங்களைச் சேமித்து வந்த ‘ஜி-டிரைவ்’ என்னும் பொதுக் களஞ்சியம் 858 டெராபைட் தரவுகளோடு எரிந்து அழிந்தது. அதற்கு வேறிடத்தில் படியில்லை. அளவிற் பெரியது, ஆதலின் படி எடுக்கவில்லை என்றனர்! பெரிய குளத்துக்குக் கலிங்கு வேண்டாம் என்பது போன்ற வாதம் அல்லவா இது?

இவையனைத்துக்கும் மேலாக, தமிழ் மக்களாகிய நமக்கு இன்னொரு வினாவும் உண்டு. மாற்றத்தின்போது நம் மொழி என்னாகும்?

பல்லாண்டுகளாக நம் கந்தோர்களிலே தமிழ் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களால் தட்டச்சிடப்பட்டு வந்துள்ளது. கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணனியின் உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துக்களின் குறியீடு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அக்கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்க் காட்சி தரும். ஒருங்குறிக்கு மாற்றாமல் இவ்வாவணங்களைப் புதிய தளத்தில் கொட்டினால், ஒரு கமக்காரனின் பெயரைத் தமிழில் தேடினால் அது அகப்படாது. ஆவணம் இருக்கும், ஆயினும் இல்லாததே போலாகும். கொள்ளையர் பூட்டிய கடிதத்துக்கும் நம்மவர் தேட முடியாத கடிதத்துக்கும் வேற்றுமை என்ன?

1956-இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது. 1958-இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1987-இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஏட்டில் எழுதிய உரிமை நடைமுறையில் எத்துணை தூரம் வந்ததென்பதைக் கச்சேரி வாசலில் சிங்களப் படிவத்தோடு நின்றவர் அறிவர். நாளை அப்படிவம் கணனித் திரையில் வரும். திரையின் மொழியைத் தீர்மானிப்போர் தமிழை மறந்தால், கடதாசியிலிருந்த அநீதி மின்சாரத்தில் ஏறும், அவ்வளவே. இன்று பெரும்பாலான முதன்மை மென்பொருள்களைத் தமிழ்த் திரையோடு இயக்க வழியுண்டு. ஆகவே முடியாது என்ற சாட்டு செல்லாது.

ஆட்சியாளரை நோக்கி நாம் ஐந்து கோரிக்கைகளை வைக்கின்றோம்.

முதலாவது: ஒவ்வொரு திணைக்களத்தின் மென்பொருளும் எந்நாளில் ஆதரவிழக்கும் என்பதைப் பட்டியலிட்டு, அந்நாளுக்கு முன்னரே மாற்றத்துக்குரிய நிதியை ஒதுக்குக.

இரண்டாவது: எல்லாத் தரவுக்கும் மூன்று படிகள் இருத்தல் வேண்டும், அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில், வலையமைப்பின் தொடர்பறுத்து இருத்தல் வேண்டும். படி எடுத்தோம் என்பது போதாது. அதிலிருந்து மீட்டெடுத்துக் காட்டும் ஒத்திகை ஆண்டுதோறும் நடத்துக.

மூன்றாவது: எத்தளத்தை வாங்கினும், விரும்பிய நாளில் நம் ஆவணங்கள் அனைத்தையும் திறந்த வடிவில் எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதுக. 2006 முதல் சர்வதேசத் தரமாக உள்ள திறந்த ஆவண வடிவம் இதற்கு உண்டு.

நான்காவது: பழைய எழுத்துருவில் உள்ள தமிழ் ஆவணங்கள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டு, தமிழறிந்தோரால் சரிபார்க்கப்பட்ட பின்னரே புதிய தளத்தில் ஏறுக. திரை, படிவம், பதில் மூன்றும் தமிழில் கிடைத்தல் வேண்டும்.

ஐந்தாவது: எழுதுவினைஞருக்கு அவர்தம் மொழியில் பயிற்சி தருக. கொழும்பிலே ஒரு நாட் பட்டறை நடத்திவிட்டு முல்லைத்தீவிலுள்ள எழுதுவினைஞர் மீது பழி போடுவது நியாயமன்று.

தமிழ்ப் பெருமக்களே! கோரிக்கையை எழுதிவிட்டுக் கைகட்டி இருத்தல் நம் வழக்கமாகிவிடக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. அறிஞர்களே, பொறியியலாளர்களே, சட்டத்தரணிகளே! நீங்கள் வாழும் பிரதேசத்தின் ஒவ்வொரு அரச கந்தோரிடமும் மூன்று கேள்விகளைத் தமிழில் எழுதிக் கேளுங்கள். உங்கள் கணனிகளில் எந்த மென்பொருள் இயங்குகிறது? அதன் ஆதரவு எந்நாளில் முடியும்? காப்புப் படியிலிருந்து இறுதியாக மீட்டுப் பார்த்த நாள் எது? பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் தருவது தகவல் உத்தியோகத்தரின் சட்டக் கடமை.

கமக்காரப் பெருமக்களே! கமநல சேவை நிலையத்தில் விண்ணப்பம் கொடுக்கும்போது, கணனியில் ஏற்றிவிட்டோம் என்ற வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். பதிவிலக்கம் உள்ள தமிழ்ப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். உறுதியைப் பெட்டகத்தில் வைத்துக் காத்த நம் முன்னோர் கையெழுத்தறியாதவராயினும் கணக்கறிந்தவர்கள். அவர்தம் வழியினராகிய நாம், நமது பதிவுகளின் திறவுகோல் எவர் கையில் இருக்கிறதென்று கேட்காமல் உறங்குவோமாயின், அடுத்த முறை அழிவது நூறு நாட்களின் கடிதங்களாய் மட்டும் இராது.