தலைகீழாகும் தமிழ்ப்பெயர்

தமிழில் எழுதப்பெறும் ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலைப் புரட்டுக. 'வரதராசன், மு.' என்றிருக்கும். நூலின் முகப்பில் மு. வரதராசன் என்றிருக்கும் பெயரைத் திருப்பிப்போட்டு, நடுவே காற்புள்ளி செருகச் சொன்னவர் எவர்? மேலையர் நெறி சொன்னது. நம் கல்விக்கூடங்கள் கைகட்டிக் கேட்டன.

மேலையர் திருப்புவதற்குத் தக்க கரணியம் உண்டு. அவர்தம் குடிப்பெயர் இறுதியில் நிற்கும். அகரவரிசைக்காக அதனை முன்னே கொணர்வர். கொணர்ந்தமைக்கு அடையாளமே அக் காற்புள்ளி. தமிழர்க்குக் குடிப்பெயர் ஏது? முன்னிற்பது தந்தை பெயரின் அல்லது ஊர்ப்பெயரின் தலைப்பெழுத்து. பின்னிற்பதே அவர்க்கு இட்ட பெயர். அப்பெயரால் வரிசைப்படுத்தினால் மு. வரதராசன் தாமே வகரத்தில் நிற்பார். திருப்ப வேண்டுவதென்ன?

இது வெறுங் காற்புள்ளிப் பூசலன்று. இறுதிச்சொல்லே குடிப்பெயர் என்னும் நெறியை ஆராயாது கையாளும் ஆங்கிலக் கட்டுரைகளில் உ.வே. சாமிநாதர் 'ஐயர்' என்பதன்கீழ் நிற்கின்றார். வையாபுரியார் 'பிள்ளை' என்பதன்கீழ் நிற்கின்றார். (தமிழ்நூல்களின் காலத்தைப் பின்தள்ளியவராயினும் அவர்க்கும் இக்கொடுமை ஆகாது.) 1929-இல் செங்கற்பட்டில் கூடிய தன்மான மாநாடு உதறித்தள்ளச் சொன்ன சாதிப்பட்டம் பட்டியலில் பெயரின் தலைமேல் ஏறி அமர்கின்றது! பட்டந் துறந்தவர்க்கோ வேறு கேடு. தலைப்பெழுத்தை விரித்து இறுதியில் வைக்கச் சொல்கின்றது படிவம். எழுதியவள் மகள், பட்டியலில் நிற்பவர் தந்தை, மணமானவளாயின் கணவன். எழுதாதவன் பெயரால் நூல் அறியப்படுவது எந்நாட்டு ஆய்வறம்?

நெறி வகுத்தவர்களோ இத்துணை முரடரல்லர். சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் அச்சுநெறிக் கையேடு 1906-இல் வெளிவந்தது. அங்கே ஆய்வேட்டுச் செயலராயிருந்த கேட் துராபியன் அம்மையார், மாணவர்க்கு ஏற்ற சிறு கையேட்டை 1937-இல் தனியே ஆக்கித் தந்தார். அமெரிக்க உளவியற் கழகமும் 2019-இல் வந்த ஏழாம் பதிப்பில் மாணவர் கட்டுரைக்குத் தனி முகப்பு வகுத்தது. குடிப்பெயர் முன்னிற்கும் சீனப்பெயரைச் சிக்காகோ நெறி திருப்புவதில்லை, காற்புள்ளியும் இடுவதில்லை. ஐசுலாந்து மக்கள் இன்றும் இட்ட பெயராலேயே வரிசைப்படுத்துகின்றனர். அவர்கள் வளைத்துக்கொண்ட நெறியை இங்குள்ளோர் இரும்புலக்கையாக விழுங்கச் சொல்கின்றனர்!

புறநானூற்றுக்கும் பக்க எண் கேட்பார் உளர். நானூறு பாட்டுக்கும் எண் இருக்கப் பதிப்புக்குப் பதிப்பு மாறும் பக்கம் எதற்கு?

ஆய்வு மாணவர் நூன்முகப்பில் உள்ளவாறே பெயரை எழுதுக. நெறியாளர் வினவின், சீனர்க்குக் காட்டும் நேர்மையைத் தமிழர்க்கும் காட்டுக என்க. தந்தையை எவரும் தள்ளவில்லை. அவர் தலைப்பெழுத்தாய் முன்னேயே நிற்கட்டும்.