மொட்டை மாடியில் கிடக்கும் குழாய்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பி.வி.சி. குழாய் கிடக்கிறது. மூன்று அங்குல விட்டம், இரண்டு எல்போ, மேலே கறுப்பு ஸ்பிரே பெயின்ட். பார்க்கிறவர்கள் தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கி மிஞ்சியது என்று நினைப்பார்கள். என் மகள் வயிற்றுப் பேரன் தன் காரின் எஞ்சினுக்குக் காற்று போகச் செய்த குழாய் அது. அதனால் எங்கள் குடும்பத்துக்கு ஆன செலவு, என்னுடைய மூன்று மாதப் பென்ஷன். இருந்தும் அவன் அதைச் செய்யக் கிளம்பியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இந்த விஷயத்தில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு முற்றி, அவர் பத்து நாள் என் வீட்டுப் பக்கமே வரவில்லை. நேரில் சொல்ல முடியாததை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பேரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பழைய மிட்சுபிஷி லான்சர் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினான். "இந்த வயசுல இதை ஏன்டா வாங்கினே?" என்று நான் கேட்டதற்கு, "தாத்தா, இது நம்ம ஊர் வண்டி" என்றான். உண்மைதான். 1998-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அந்த வண்டியைத் திருவள்ளூரில்தான் செய்ய ஆரம்பித்தது. ஆவடியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த கடைசி வருடங்களில், சி.டி.எச். ரோட்டில் நம்பர் பிளேட் இல்லாத புது லான்சர்கள் போவதைப் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்திருக்கிறேன். இப்போது அதே திருவள்ளூரிலிருந்து சித்ரோயன் வண்டிகள் வருகின்றன. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த காலத்தில், கடற்கரைச் சாலையில் நின்ற ஒரு சித்ரோயனைச் சுற்றிச் சுற்றி வந்து வாட்ச்மேனிடம் திட்டு வாங்கியவன் நான். அந்தப் பெயர் திருநின்றவூருக்குச் சில ஸ்டேஷன் தள்ளி வந்து சேரும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சரி, குழாய்க்கு வருகிறேன். எஞ்சின் என்பது பெட்ரோலைக் குடிக்கிற மிருகம் என்று நாம் நினைக்கிறோம். அது அதிகம் குடிப்பது காற்றைத்தான். ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஒன்றரை லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், கணக்குப்படி 2250 லிட்டர் காற்றை இழுக்கும். அதாவது மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டேகால், ஒரே நிமிடத்தில். இதைக் கேட்கிற எந்தப் பையனுக்கும் அடுத்து ஓர் எண்ணம் வரும்: கம்பெனி கொடுத்த கறுப்புப் பெட்டியையும் வளைந்த குழாயையும் எடுத்துவிட்டு, அகலமான குழாயும் கூம்பு ஃபில்டரும் வைத்தால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடுமே, சக்தி கூடுமே?

இந்த எண்ணம் புதிதல்ல. எழுபதுகளில் ஆபீஸ் நண்பர்களோடு சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கப் போயிருக்கிறேன். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வரும்வரை நம் பக்கத்தில் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான். தினமும் ஆபீஸ் வாசலில் பார்க்கும் ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே பானெட் திறந்து நிற்கும். ஃபில்டர் இருக்காது, கார்புரேட்டர் வாயில் நாதஸ்வர அணைசு மாதிரி விரிந்த ஒரு குழல் இருக்கும். வீட்டிலேயே தகடு வளைத்துச் செய்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கோயம்புத்தூர் கரிவரதன் பந்தயக் கார்களையே தன் பட்டறையில் கட்டினார். எண்பதுகளின் இறுதியில், மாருதி 800 எஞ்சினைப் போட்டு இளைஞர்கள் ஓட்டக்கூடிய ஃபார்முலா மாருதி என்ற வண்டியைக் கொண்டுவந்தார். 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் மாதிரி ஆட்களைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நாம், பேரன் ஒரு குழாயை அறுத்தால் மட்டும் ஏன் தலையில் அடித்துக்கொள்கிறோம்? மாப்பிள்ளையிடம் நான் கேட்ட கேள்வி இதுதான். அவருக்குக் கோபம் வந்ததற்கும் நியாயம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் குழாயை அவன் பானெட்டுக்குள்ளேயே வைத்தான். பழைய பெட்டியைக் கழற்றி, அந்த இடத்தில் கூம்பு ஃபில்டர். ஓட்டிக் காட்டினான். ஆக்சிலேட்டரை மிதித்தால் "ஹூம்" என்று ஓர் உறுமல். "எப்படி தாத்தா, பறக்குதுல்ல?" என்றான். எனக்கும் பறப்பது போல்தான் இருந்தது. ஆனால் முப்பத்தைந்து வருடம் ரிஜிஸ்டரில் கூட்டல் சரிபார்த்தவனுக்குக் காதை நம்பும் பழக்கம் கிடையாது. பழைய ஸ்டாப் வாட்ச் ஒன்று வைத்திருக்கிறேன். "அளந்து பார்க்கலாமா?" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நெமிலிச்சேரி தாண்டி வெளிவட்டச் சாலைக்குப் போனோம். மூன்றாவது கியரில் 40-இலிருந்து 80 கிலோமீட்டர் வேகம் வர எத்தனை விநாடி? போகும்போது மூன்று தடவை, வரும்போது மூன்று தடவை. பழைய பெட்டியோடு சராசரி 8.1 விநாடி. புதுக் குழாயோடு 8.3. பேரன் முகம் சுருங்கிவிட்டது. என் கட்டைவிரல் தப்பே இரண்டு பத்தில் ஒரு பங்கு இருக்கும் என்று சமாதானம் சொன்னேன். எப்படியும், வேகம் கூடவில்லை. கூடியது சத்தம்.

காரணம் எனக்குத் தெரியும். பள்ளியில் எங்கள் பௌதிக ஆசிரியர், நாங்கள் 'மெஸ்யே' என்று கூப்பிடுபவர், கே-லுசாக் விதியை நடத்தும்போது, அந்த மனிதர் 1804-இல் பலூனில் ஏழாயிரம் மீட்டர் உயரம் போன கதையையும் சேர்த்துச் சொல்வார். விதி மறந்தாலும் கதை மறக்காது, கதையைப் பிடித்துக்கொண்டு விதியும் வந்துவிடும். காற்று சூடானால் விரியும், விரிந்தால் அதே கொள்ளளவில் எடை குறையும். வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் காற்று சுமார் நூற்றுக்கு ஒன்பது பங்கு லேசாகிவிடுகிறது. குழாய் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன, சூடான காற்றை இழுத்தால் எஞ்சினுக்குக் கிடைப்பது குறைவுதான். கம்பெனிக்காரன் வைத்த அசிங்கமான கறுப்புக் குழாய் ஹெட்லைட் பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. அதை வரைந்தவன் முட்டாள் இல்லை.

இன்னொன்றும் அவனிடம் சொன்னேன். ஆவடி செக்போஸ்ட் நெரிசலில் ஓட்டும்போது ஆக்சிலேட்டர் கால்வாசிதான் மிதிபடும். அப்போது எஞ்சின் வாசலில் இருக்கும் திராட்டில் தகடு முக்கால்வாசி மூடியிருக்கிறது. கதவைச் சாத்திவிட்டுத் தெருவை அகலப்படுத்தி என்ன பிரயோஜனம்?

இந்தப் பேச்சுத்தான் வினையாகப் போயிற்று. "அப்போ குளிர்ந்த காற்று வேணும், அவ்வளவுதானே?" என்று அவன் இரண்டாவது குழாயைச் செய்தான். மாடியில் கிடப்பது அதுதான். எல்போ வைத்து வளைத்து, முன் பம்பருக்குப் பின்னால், சக்கரத்துக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்தில் ஃபில்டரைக் கொண்டுபோய் வைத்தான். வேலை சுத்தமாக இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. மறுபடி அளந்தோம். 7.9 விநாடி. கட்டைவிரல் தப்பைக் கழித்தாலும் ஏதோ கொஞ்சம் இருக்கலாம். இருவருக்கும் சந்தோஷம். ஃபில்டர் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று நானும் பார்த்தேன். ஆனால் யோசிக்கவில்லை. ஏரிக்குப் பக்கத்தில் நாற்பது வருடமாகக் குடியிருப்பவன் யோசித்திருக்க வேண்டும்.

ஐப்பசி மழை. இரவு பதினோரு மணிக்கு என் மனைவிக்கு நெஞ்சை அடைக்கிறது, இடது தோள் வலிக்கிறது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் கிடைக்க நேரமாகும் என்றார்கள். பேரன் அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தான். "பாட்டியை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று வண்டியை எடுத்தான். எங்கள் தெருமுனையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. மற்ற கார்கள் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் பாதி தூரம் போனதும் 'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றுவிட்டது. பதற்றத்தில் அவன் மறுபடி சாவியைத் திருப்பினான், இன்னொரு தடவையும் திருப்பினான். அதுதான் செய்யவே கூடாத காரியம் என்று பிறகு தெரிந்தது.

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ஒன்றரை லிட்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் பங்கு சுமார் 370 மில்லி. பிஸ்டன் மேலே வந்து முடியும்போது மிச்சம் இருக்கும் இடம் நாற்பது மில்லி அளவுதான். மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் உள்ளே போனால் போதும், பிஸ்டன் சுவரில் முட்டிய மாதிரி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். ஃபில்டர் தண்ணீரில் மூழ்கியதும் எஞ்சின் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சியது போல் உறிஞ்சிவிட்டது. பக்கத்தில் போன கார்களின் காற்று வாய் ஹெட்லைட் உயரத்தில் இருந்தது, அவை போய்விட்டன.

அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து, என் மனைவியை அதில் உட்காரவைத்து, தண்ணீரில் மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால். பேரன் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தான். மெயின் ரோட்டில் ஓர் ஆட்டோ கிடைத்தது. இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, இதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். ஆனால் நாற்காலி போன அந்த இருபது நிமிடம் எனக்கும் அவனுக்கும் எப்படிப் போனது என்று எழுத வராது.

மாப்பிள்ளையின் கோபம் இதிலிருந்து வந்தது. "மாமா, நீங்களும் சேர்ந்துதானே விளையாடினீங்க?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. காரை வித்துவிட வேண்டும், இனி ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பது அவர் கட்சி. சட்டத்தையும் துணைக்கு அழைத்தார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே வருடத் திருத்தத்தில், மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது.

பழைய குமாஸ்தா என்ற முறையில் சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ரோட்டில் ஓடும் வண்டி அடுத்தவன் உயிரோடு சம்பந்தப்பட்டது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் காற்றுக் குழாய்க்கு ஒரு கட்டமே கிடையாது. படிக்கிற அதிகாரி எப்படிப் படிக்கிறாரோ அப்படி. செய்ய நினைக்கிற பையன், "இதைச் செய்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்று கொண்டுபோய்க் காட்ட ஒரு ஜன்னலாவது இருக்கிறதா? அம்பத்தூரில் இத்தனை லேத் பட்டறை, ஆவடியில் டாங்கியே செய்கிற தொழிற்சாலை, சுற்றிலும் இத்தனை இன்ஜினியரிங் கல்லூரி. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லூரி தன் ஆய்வகத்தைத் திறந்து, இந்தப் பையன்களின் வண்டியை டைனமோமீட்டரில் ஏற்றி, "தம்பி, உன் குழாயால் சக்தி இவ்வளவுதான் கூடியது, ஃபில்டர் தாழ்வாக இருக்கிறது, மழையில் போகாதே" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? இப்போது அவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனை எல்லாம் ஃபில்டர் விற்கிறவனிடமிருந்துதான். அவன் மழையைப் பற்றி ஏன் பேசப்போகிறான்? காப்பீட்டைப் பற்றியும் பேசமாட்டான். தண்ணீர் புகுந்து எஞ்சின் போனால் சாதாரண பாலிசியில் பொதுவாகப் பணம் வராது, தனியாக எஞ்சின் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். எங்களுக்கு வரவில்லை.

கை வைக்காதே என்று சொல்லிவிடுவது சுலபம். பூசலார் நாயனார் மனதிலேயே கோயில் கட்டிய ஊர் இது, அவருக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் தேவைப்படவில்லை. நம் பிள்ளைகளையும் மனதுக்குள்ளேயே எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளச் சொன்னால் பட்டறைகளை யார் நடத்துவது? வளைந்த கனெக்டிங் ராடைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு, அந்தப் பையனுக்குப் புரிந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அந்தப் பாடத்துக்கு என் மனைவியின் உயிரைப் பணயம் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் என் வருத்தம். அந்த வருத்தத்தில் பாதி என் பேரில்.

எஞ்சின் பிரித்து வேலை முடிந்து வந்துவிட்டது. இப்போது அவன் கம்பெனிப் பெட்டியையே திரும்ப மாட்டியிருக்கிறான். அதற்குப் பட்டறையில் ஓர் அலுமினியத் தகடு வளைத்து, எஞ்சின் சூடு படாமல் தடுப்பு வைத்திருக்கிறான். காற்று வாய் ஹெட்லைட் உயரத்திலேயே, மேலே பார்த்த மாதிரி. ஃபில்டர் பழையபடி காகித ஃபில்டர். சென்ற வாரம் ஃபில்டரைத் தாண்டி உள்குழாயில் வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துக் காட்டினான், தூசி இல்லை. திருவள்ளூர் ரோட்டில் ஓடுகிற லாரிகளின் புழுதியில் இது சின்ன விஷயம் இல்லை. முன்பு கூம்பு ஃபில்டர் வைத்திருந்தபோது இப்படித் துடைத்துப் பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மாப்பிள்ளை நேற்று வந்தார், காபி சாப்பிட்டார். பானெட்டைத் திறந்து தகட்டைத் தட்டிப் பார்த்தார். "எத்தனை விநாடியாம்?" என்று மட்டும் கேட்டார். இன்னும் அளக்கவில்லை என்றேன். வருகிற ஞாயிறு மழை இல்லாவிட்டால் வெளிவட்டச் சாலைக்குப் போகிறோம். என் மனைவி, "ஏங்க, நானும் வரேன், பின்னாடி உட்கார்ந்துக்கறேன்" என்கிறாள். எடை கூடிவிடும், கணக்கு கெட்டுவிடும் என்று பேரன் யோசிக்கிறான்.